வெறும் துப்பாக்கியின் விசையை இழுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கீழ்ப் பழநி மலையில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் சிறு விவசாயி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று என் தந்தையார் பெயரில் இருந்து பின்னர் என் பெயருக்கு மாறிய உரிமத்தின்படி, பர்மிங்காமில் செய்யப்பட்ட பழைய 12 போர் (போர் என்பது குழலின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது அதை ஒப்படைத்துத் திரும்பப் பெற்ற பிறகு அதில் ஒரு பழுதைக் கண்டேன். அதன் காரணத்தைத் தேடியபோது, தோட்டா இல்லாமல் விசையை இழுப்பதன் தீங்கைப் பற்றியும் அதைத் தடுக்கும் ஸ்நாப் கேப் என்ற போலித் தோட்டாவைப் பற்றியும் அறிந்துகொண்டவை என் போன்ற உரிமதாரர்களுக்கும், எங்கள் துப்பாக்கிகளை வாங்கி வைத்துத் திருப்பித் தரும் காவல்துறையினருக்கும் பயன்படும் என்று நம்புவதால், இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு மார்ச் 16 அன்று தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. எங்கள் பகுதி உரிமதாரர்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்று வழக்கம்போல் தகவல் வந்தது. தமிழகத்தில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்துவிட்டாலும் வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 அன்றுதான் நடந்தது என்பதால், துப்பாக்கிகள் ஏறக்குறைய மூன்று மாதம் எங்கள் கையில் இல்லை. ஒப்படைத்த அன்று எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியையும் காவலர் ஒருவர் மடித்துத் திறந்து, குழலுக்குள் பார்த்து, மூடி, கூரையை நோக்கிப் பிடித்து இரண்டு விசைகளையும் இழுத்தார். எண்ணைச் சரிபார்க்க வந்த மற்றொருவர் அதையே மறுபடியும் செய்தார். திரும்பப் பெற்ற நாளிலும் இதுவே நடந்தது. அவர்களிடம் தவறான எண்ணம் எதுவும் இல்லை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்வது அவர்களுடைய கடமை. ஆனால் திறந்து, கண்ணால் பார்த்து, தோட்டா அறையை விரலால் தடவிய பிறகு, விசையை இழுப்பதால் புதிதாகத் தெரியவருவது எதுவும் இல்லை. அப்படிப் பார்க்காமல் விசையை இழுத்துச் சோதிப்பதோ எந்தச் சூழ்நிலையிலும் கூடாத செயல்.

சில வாரங்கள் கழித்து, சேப்பங்கிழங்குப் பாத்தியில் இறங்கிய பன்றிக் கூட்டத்தை விரட்ட வானத்தை நோக்கிச் சுட்டபோது வலது குழலின் தோட்டா வெடித்தது. இடது குழலில் டக் என்ற சத்தம் மட்டும் வந்தது. வெடிக்காமல் போகும் தோட்டா சில நேரம் தாமதித்து வெடிப்பது உண்டு என்பதால், குழலை ஆளில்லாத திசையில் பிடித்தபடி அரை நிமிடம் காத்திருந்து திறந்தேன். தோட்டாவின் அடியிலுள்ள, அடிபட்டதும் தீப்பற்றி மருந்தை வெடிக்க வைக்கும் பிரைமரில் ஒரு கீறல்கூட இல்லை. துப்பாக்கி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனபோது, பூட்டு எனப்படும் சுடும் பொறியைப் பிரித்து, விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் பாகமான குதிரையில் இடப்பக்கத்ததன் மூக்கு ஒடிந்திருப்பதைக் காட்டினார். ஒடிந்த இடத்தில் பாதிப் பரப்பு கறுத்துப் பழசாகவும் மீதி வெளிறிப் புதிதாகவும் இருந்தது. விரிசல் வெகுநாளாகவே இருந்திருக்கிறது என்றும், தோட்டா இல்லாமல் விசையை இழுத்து இழுத்தே இது நேர்ந்திருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

அதைக் கேட்டபோது காவல் நிலையத்தைவிட என் வீட்டுக் கூடம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறை துடைத்து எண்ணெய் போட்ட பிறகும், ஸ்பிரிங் தளர்ந்து ஓய்வெடுக்கட்டும் என்று அப்பா இரண்டு விசைகளையும் வெறுமனே இழுத்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பார். அதைப் பார்த்து வளர்ந்த நானும் நாற்பது ஆண்டுகளாக அப்படியே செய்துவந்தேன். காவல் நிலையத்தில் வாங்கிய சில அடிகள், நாங்கள் வீட்டில் கொடுத்த பல நூறு அடிகளோடு சேர்ந்தன என்பதே உண்மை.

வெறும் அறையில் விசையை இழுப்பதை, அதாவது துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர்கள் டிரை ஃபயர் என்று சொல்வதை, ஏன் தவிர்க்க வேண்டும் என்பது துப்பாக்கியின் உள்ளமைப்பைப் பார்த்தால் விளங்கும். தோட்டா இருக்கும்போது, ஸ்பிரிங்கின் வேகத்தில் பாயும் ஊசி பிரைமரின் மென்மையான உலோகக் கிண்ணத்தைக் குழித்து, அந்தக் குழிவிலேயே தன் வேகத்தைச் செலவழிக்கிறது. தோட்டா இல்லாவிட்டால் அந்த வேகத்தை ஏற்க எதுவும் இல்லை. ஊசியின் தோளோ குதிரையின் உடலோ, தோட்டாவின் அடி சாய்ந்து நிற்கும் முகத்தட்டின் பின்புறத்தில் இரும்போடு இரும்பாக மோதி நிற்கிறது. மோதலின் அதிர்ச்சி முழுவதும் ஊசியின் மெலிந்த நுனியில் இறங்குகிறது. 1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்சன், டீலி என்ற இருவர் காப்புரிமை பெற்ற பூட்டு அமைப்பில், குதிரையும் ஊசியும் ஒரே இரும்புத் துண்டு. என் துப்பாக்கி அந்த வகையைச் சேர்ந்தது. தனி ஊசி உடைந்தால் ஊசியை மட்டும் மாற்றலாம். இவ்வகையில் மூக்கு ஒடிந்தால் குதிரையையே புதிதாகச் செய்ய வேண்டும், அல்லது பற்றவைத்துக் கடைந்து மீண்டும் பதம் ஏற்ற வேண்டும். அதைத் தெரிந்து செய்யும் கைகள் இப்போது மிகச் சிலவே. இந்தத் துப்பாக்கிகளுக்கான உதிரி பாகங்கள் கடையில் கிடைப்பதில்லை.

ஊசி ஒடிந்து வெடிக்காமல் போவது ஒரு நஷ்டம் மட்டுமே. அதைவிட அஞ்ச வேண்டியவை இரண்டு உண்டு. ஒடிந்த நுனி கூராக இருந்தால் பிரைமரைக் குழிப்பதற்குப் பதிலாகத் துளைத்துவிடும். அப்போது சூடான வாயு பின்பக்கமாக, சுடுபவரின் முகத்தை நோக்கிக் கசியும். மற்றொன்று, தனி ஊசி உள்ள துப்பாக்கியில் அடிபட்டுப் பிசிறு தட்டிய ஊசி துளையிலேயே மாட்டி முன்னால் துருத்திக்கொண்டு நிற்பது. அதைக் கவனிக்காமல் உண்மையான தோட்டாவைப் போட்டு மூடினால், விசையைத் தொடாமலேயே தோட்டா வெடிக்கும் அபாயம் இருக்கிறது. எனவே துப்பாக்கியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் முகத்தட்டின் இரண்டு துளைகளையும் பார்த்து, ஊசி நுனி வெளியே நிற்கவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே தோட்டாவைக் கையில் எடுக்க வேண்டும்.

ஸ்நாப் கேப் இதற்கெல்லாம் மிக எளிய பரிகாரம். தோட்டாவின் வடிவமும் அளவும் கொண்ட, ஆனால் மருந்தோ ஈயமோ பிரைமரோ இல்லாத போலித் தோட்டா அது. பிரைமர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் பித்தளைக் குமிழோ கெட்டியான ரப்பரோ வைத்திருப்பார்கள். ஊசி அதன்மேல் விழும்போது அது உள்வாங்கி அடியை ஏற்றுக்கொண்டு மீண்டும் எழும். பெயரின் பிற்பாதி ஏன் கேப் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் காலத்தில், 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு போன்ற துப்பாக்கிகளில் கேப் என்ற சிறு வெடிமூடியை மாட்டும் முனையான நிப்பிள் மேல், பயிற்சியின்போது அடிபடாமல் இருக்க, தோல் வைத்த ஒரு சிறு மூடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. இன்றும் நம் ஊர்களில் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருப்பவர்கள் உண்டு. வெறும் நிப்பிளில் குதிரையை விழவிட்டால் அதன் விளிம்பு விரிந்து பிறகு கேப் சரியாக உட்காராது என்பதை அவர்கள் அறிவார்கள். ஒரு துண்டுத் தடித்த தோல் அவர்களுக்குப் போதும்.

விசையை இழுத்து ஸ்பிரிங்கைத் தளர்த்தும் பழக்கம் ஏன் வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. குதிரை வெளியே தெரியாத இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் திறந்தாலே குதிரைகள் ஏறிவிடும், அதாவது ஸ்பிரிங் அழுந்திச் சுடத் தயாராகிவிடும். துடைப்பதற்காகத் திறந்து மூடினாலும் துப்பாக்கி குதிரை ஏறிய நிலையிலேயே பெட்டிக்குப் போகும். எங்கள் வீட்டைப் போன்ற இடங்களில் அது அப்படியே மாதக்கணக்கில் கிடக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கும் காலத்தில், பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி ஆண்டுக்கு நாலைந்து தோட்டாக்களை, அதுவும் வானத்தை நோக்கி, சுடுவதே அதிகம். நீண்ட காலம் அழுத்தத்திலேயே இருந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிடும் என்று முன்னோர் அஞ்சினார்கள். சுருள் ஸ்பிரிங் உள்ள இக்காலத் துப்பாக்கிகளுக்கு இந்த அச்சம் அவ்வளவாகப் பொருந்தாது என்பதே என் கருத்து. நல்ல எஃகுச் சுருள் அழுத்தத்தில் இருப்பதால் தேய்வதைவிட, மறுபடி மறுபடி அழுந்தி விரிவதால்தான் தளர்கிறது. ஆனால் பழைய துப்பாக்கிகளில் இருக்கும் வி வடிவப் பட்டை ஸ்பிரிங் ஒடிந்தால் அதே அளவில் இன்னொன்று அடித்துத் தருவார் கிடைப்பது அரிது என்பதால், அவற்றைத் தளர்த்தி வைப்பதையே நான் விரும்புகிறேன். தளர்த்துவதாக இருந்தால் ஸ்நாப் கேப் போட்டுத்தான் தளர்த்த வேண்டும். ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றை உடைப்பதில் பொருளில்லை.

செய்முறை கடினமானதன்று என்றாலும் ஒழுங்கு தேவை. தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. துப்பாக்கியைத் திறந்து இரண்டு அறைகளும் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, தடவி உறுதிசெய்த பிறகு, ஸ்நாப் கேப்புகளைப் போட்டு மூடி, ஆள் இல்லாத, சுவருக்கு அப்பாலும் ஆள் இருக்க வாய்ப்பில்லாத திசையில் பிடித்து, பாதுகாப்புப் பொத்தானை முன்தள்ளி விசைகளை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். ஒற்றை விசை உள்ள துப்பாக்கிகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவற்றுள் பல, முதல் குழலின் தோட்டா வெடிக்கும் உதையின் வேகத்தால்தான் இரண்டாம் குழலுக்கு மாறும்; ஸ்நாப் கேப்பில் உதை இல்லாததால் விசையை இரண்டாம் முறை இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பயந்து கடைக்குக் கொண்டுபோனவர்களை நான் அறிவேன். குழல் தேர்வுப் பொத்தானை மாற்றினாலோ, பின்கட்டையின் அடியை உள்ளங்கையால் தட்டினாலோ விசை மாறிக்கொள்ளும். இதை அறியாதவர்கள் இரண்டு குதிரைகளும் இறங்கிவிட்டதாக நினைத்து, ஒன்றை ஏறிய நிலையிலேயே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எஜெக்டர் உள்ள துப்பாக்கியானால், விசை இழுத்த பிறகு திறக்கும்போது ஸ்நாப் கேப் துள்ளி வெளியே விழும். கையை வைத்து ஏந்திக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகுதான் என் தலைமுறையினர் பலரும் தவறும் இடம் வருகிறது. துப்பாக்கியைத் திறக்காமல் ஸ்நாப் கேப்பை எடுக்க முடியாது. திறந்தால் குதிரை மறுபடியும் ஏறிவிடும். ஆகவே பலர் ஸ்நாப் கேப்பை அறைக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். வறண்ட ஊர்களில் அதனால் பெரிய தீங்கு இல்லாமல் இருக்கலாம். ஐப்பசி தொடங்கி மூன்று மாதம் சுவரே வியர்க்கும் எங்கள் மலையிலும், உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களிலும், ஸ்நாப் கேப்புக்கும் அறைச் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் ஈரம் தங்கி வட்டமாகத் துரு பிடிக்கும். அறைக்குள் துரு குழிவிட்டால் சுட்ட தோட்டா ஒட்டிக்கொள்ளும், எடுக்க வராது. மழைக்காலத்தில் நான் மாதம் ஒருமுறை எடுத்து, துடைத்து, அறைக்கு லேசாக எண்ணெய் தடவி, ஸ்நாப் கேப்பையும் துடைத்து மறுபடி போட்டுத் தளர்த்தி வைக்கிறேன். முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் திறந்தால் சில வகைத் துப்பாக்கிகளில் குதிரை ஏறாது என்பது உண்மைதான்; ஆனால் இறங்கிய குதிரையோடு பிரித்த துப்பாக்கியில் முன்கட்டையை மறுபடி மாட்டப் பெரும் பலம் தேவைப்படும், பழகாத கை அதை வளைத்துவிடும். ஆகையால் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

துப்பாக்கியை வைக்கும் முறையைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கித்தான் உறையிலும் தோலுறையிலும் போட்டு மாதக்கணக்கில் வைப்பது, துப்பாக்கியை ஈரத்துணியில் சுற்றி வைப்பதற்கு ஒப்பானது. உறை, தோட்டத்துக்கு எடுத்துப் போக மட்டுமே. எண்ணெய் போட்ட பிறகு ஓரிரு நாள் குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்தினால், மிகுந்த எண்ணெய் பூட்டுக்குள் இறங்கிக் கட்டையின் தலையில் ஊறாமல் இருக்கும். பழைய வால்நட் கட்டைகள் பூட்டைச் சுற்றிக் கறுத்து மெத்தென்று ஆவதற்கு இவ்வாறு ஊறிய எண்ணெய்தான் காரணம். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டின் கீழ் இருக்க வேண்டும்.

ஸ்நாப் கேப்பிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அது தோட்டாவைப் போலவே இருப்பதுதான் அதன் ஆபத்து. எனவே பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில், அல்லது கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக்கில், அல்லது அலுமினியத்தில் இருப்பதையே வாங்க வேண்டும். உங்கள் தோட்டாவின் நிறத்திலேயே இருக்கும் ஒன்றை எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாது. சுட்ட தோட்டாவின் கூட்டை ஸ்நாப் கேப்பாகப் பயன்படுத்தும் வழக்கமும் எங்கள் பக்கம் இருக்கிறது. ஒருமுறை குழிந்த பிரைமர் அதற்குமேல் ஊசியைத் தாங்காது. அது தரும் பாதுகாப்பு வெறும் நம்பிக்கைதான். சிலர் அந்தப் பிரைமரை அகற்றி அழிப்பான் துண்டை அடைத்துக்கொள்கிறார்கள். அது ஓரளவு வேலை செய்யும். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் அசல் தோட்டாவிலிருந்து பிரித்தறிய முடியாத பொருளை வீட்டில் வைத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். செய்தே ஆக வேண்டும் என்றால் கூட்டின் பக்கவாட்டில் குறுக்காகத் துளையிட்டு வெள்ளைச் சாயம் பூசி வைக்கட்டும். அளவும் முக்கியம். 12 போரைவிடச் சிறியதான 20 போர் ஸ்நாப் கேப்பை 12 போர் அறையில் போட்டால் அது வழுக்கிக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அறை வெறுமையாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். இரண்டு போர் துப்பாக்கிகளும் உள்ள வீட்டில் இரண்டின் பொருட்களும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது.

பயிற்சிக்கும் இப்பொருள் பெரிதும் உதவும் என்பதை அறிந்தபோது மகிழ்ந்தேன். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஆடவர் டிராப் போட்டியில் பங்கேற்றவர். அவரைப் பார்த்து இவ்விளையாட்டுக்கு வரும் இளைஞர்கள் உண்டு. ஒலிம்பிக் டிராப்பின் தகுதிச் சுற்றில் மட்டும் 125 இலக்குகள். அதற்குப் பழகத் தோட்டாவுக்கே செலவு எவ்வளவு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்நாப் கேப் போட்டு, துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிக் கன்னத்தோடு பொருத்தி விசையை இழுத்துப் பழகுவதற்குத் தோட்டா தேவையில்லை. பயிற்சியாளர்கள் கையாளும் இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. சுடுபவருக்குத் தெரியாமல் ஒரு குழலில் தோட்டாவுக்குப் பதில் ஸ்நாப் கேப்பைப் போட்டுத் தருவார்கள். உதையை எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே பதறும் பழக்கம் இருந்தால், வெடிக்காத அந்த ஒரு கணத்தில் குழல்முனை படக்கென்று கீழே தாழ்வதை அவரே கண்ணால் பார்ப்பார். எத்தனை முறை வாயால் சொன்னாலும் புரியாத குறை அப்போது புரிந்துவிடும்.

காவல்துறையினரிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் என் வேண்டுகோள் சிறியது. ஒப்படைக்கும் நாளில் துப்பாக்கியைத் திறந்து காட்டும் பொறுப்பை உரிமதாரரிடமே விட்டு, காவலர் பார்த்து உறுதிசெய்துகொண்டால் போதும் என்று வாய்மொழியாகவாவது அறிவுறுத்தலாம். திறந்து பார்த்த பிறகும் விசையை இழுத்துப் பார்ப்பதே நிலையத்தின் வழக்கம் என்றால், ஆயுத அறையில் 12 போருக்கு ஒரு ஜோடி ஸ்நாப் கேப் இருக்கட்டும். ஒரு ஜோடியை வைத்து நூறு துப்பாக்கிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கலாம். நூறு குடும்பங்களின் துப்பாக்கிகளைக் காக்கும் பொருளுக்கு அது பெரிய செலவன்று. ரசீதில் எண்ணும் வகையும் எழுதும் இடத்துக்கு அருகே, இரண்டு ஊசிகளும் சரியாக உள்ளனவா என்று ஒரு வரி சேர்த்தால், திரும்பப் பெறும்போது யார்மேலும் யாரும் குறை சொல்ல வேண்டிய நிலை வராது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கோருவோருக்குப் பாதுகாப்புப் பயிற்சியை வலியுறுத்துகின்றன. அப்பயிற்சியில் ஸ்நாப் கேப்பைக் கையில் கொடுத்து ஒருமுறை பழக்கினால் புதிதாக உரிமம் பெறுவோர் என்னைப் போல் நாற்பது ஆண்டு கழித்து இதைக் கற்க வேண்டியிருக்காது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டும் அந்த நாளிலும் இதைச் சொல்லலாம்.

உரிமதாரர்களுக்கும் ஒரு சொல். ஒப்படைக்கும் முன் வீட்டிலேயே ஸ்நாப் கேப்பை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். நிலையத்தில் திறக்கும் காவலர் அறைக்குள் எதைக் கண்டாலும் அதைத் தோட்டாவாகவே கருத வேண்டும். அவரை அந்தச் சங்கடத்தில் நாம் நிறுத்தக் கூடாது. ஸ்நாப் கேப்பின் குமிழை அவ்வப்போது ஓர் ஆணியின் தட்டை முனையால் அழுத்திப் பாருங்கள். அழுந்தி மீண்டும் எழாவிட்டாலோ, ரப்பர் கல்லாக இறுகிவிட்டாலோ, அது வெறும் தக்கை. வேறு வாங்க வேண்டும்.

என் துப்பாக்கியின் இடது குதிரைக்குப் பெரியவர் புது மூக்கு வைத்துப் பதம் ஏற்றித் தர ஐந்து மாதம் ஆயிற்று. அவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள இதுவரை யாரும் வரவில்லை. வலது குதிரையிலும் மயிரிழை அளவு விரிசல் தொடங்கியிருப்பதாகக் காட்டி, இனி வெறும் அறையில் ஒருமுறைகூட விசையை இழுக்கக் கூடாது என்று சொல்லித்தான் அதை என் கையில் கொடுத்தார்.

இப்படிக்கு,
உரிமதாரரான ஒரு வாசகர்,
கீழ்ப் பழநி மலை, திண்டுக்கல் மாவட்டம்